வட நோர்வேயின் இருட்டுக்காலத்துக்குப் போர்வீர மனம் போதுமா?

கேள்வி இது: "ஓகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து ட்ரொம்சோவுக்குப் படிக்க வருகிறேன். அங்கே இரண்டு மாதம் சூரியன் வராதாம். யாரையும் சாராமல், ஒரு போர்வீரனின் மன உறுதியோடு அந்தக் காலத்தைத் தனியாகக் கடக்க வேண்டும் என்பது என் ஆசை. அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, குளிர்நீர்க் குளியல், உடற்பயிற்சி, தனிமை என்று திட்டம் வைத்திருக்கிறேன். வைக்கிங்குகள் வாழ்ந்த மண்ணல்லவா? இது போதுமா?"

தம்பி, போதாது. உறுதியைக் குறை சொல்லவில்லை, அது வேண்டியதுதான். ஆனால் வடக்கே இருட்டோடு வாழ்ந்து காட்டியவர்கள் யாரும் நீங்கள் சொல்கிற மாதிரி வாழவில்லை. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கரைக்கு வந்து, பிறகு ட்ரொம்சோவில் குடியேறியவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். ட்ரொம்சோ ஏறக்குறைய 69.6 பாகை வடக்கில் இருக்கிறது. நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. தெற்கே மலைகள் மறைப்பதால் நகரத்துக்குள் அதைப் பார்க்க ஜனவரி 21 வரை ஆகிவிடும். அன்றைக்குப் பேக்கரிகளில் ஜாம் வைத்த உருண்டை பன்னுக்கு வரிசை நிற்கும், பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவார்கள். ஆனால் இடைப்பட்ட நாட்கள் முழு இரவு அல்ல. டிசம்பர் நடுவிலும் பகல் பதினொரு மணியை ஒட்டிச் சில மணி நேரம் தெற்கு வானம் வெளுக்கும். மேகம் இல்லாவிட்டால் பனி முழுவதும் நீலமாகிவிடும், அடிவானத்தில் ஒரு கீற்று ரோஜா நிறம் இருக்கும். அந்த நேரத்தில் வெளியே இருந்தவனுக்கும் நூலக நிலவறையில் இருந்தவனுக்கும் அன்றைய நாள் ஒன்றல்ல. உங்கள் நேர அட்டவணையில் நான் முதலில் குறிக்கச் சொல்வது அந்தச் சில மணி நேரத்தைத்தான். காலை நான்கு மணியை விட்டுவிடுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை.

குளிரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வளைகுடா நீரோட்டத்தின் மிச்சம் இந்தக் கரை வரை வருவதால் ட்ரொம்சோவின் ஜனவரி சராசரி பூச்சியத்துக்குக் கீழே நான்கு பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆளை விழுத்துவது பனிக்கட்டி. மழை பெய்து, அது உறைந்து, மேலே தூள் பனி விழுந்த நடைபாதையில் எந்த வீரனும் மல்லாந்து விழுவான். சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணிப் பட்டை எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும், வாங்குங்கள். கறுப்பு ஜாக்கெட்டில் ஒளி திருப்பும் பட்டை ஒன்றும் தொங்கவிடுங்கள். அது இல்லாமல் தெருவைக் கடந்தால் ஓட்டுநருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. சொல்லும்போது அற்பமாகத்தான் படும். வடக்கே உயிர்பிழைப்பது பெரும்பாலும் இப்படியான அற்பங்களால்தான்.

இனி, பிசகுவது எங்கே என்று சொல்கிறேன். நாங்கள் வந்த காலத்தில் நிறையப் பேர் மாணவர் விசாவில் நாட்டார் உயர்பள்ளிகளுக்கு (பரீட்சை இல்லாத விடுதிப் பள்ளிகள்) வந்து, பிறகு ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த சிற்றூர்கள் அவை. மீன் வெட்டும் வரிசைகளில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். என் வேலை ஃபில்லெட்டை, அதாவது முள் நீக்கிய மீன் துண்டை, துப்புரவு செய்வது. வெள்ளைப் பிளாஸ்டிக் மேசை, அதன் அடியில் விளக்கு. கொட் மீனின் சதையை அதன்மேல் விரித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும். உள்ளே சுருண்டு கிடக்கும் புழு, இரத்தப் பொட்டு, இயந்திரத்துக்குத் தப்பிய முள் எல்லாம் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காலையில் தொடங்கி மூன்று மணி வரை முகத்துக்கு நேரே அந்த வெள்ளை வெளிச்சம், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே வெட்டும் ஆட்கள். வெளியே வந்தால் இருட்டு. வேலை கடினம், கைவிரல் மரத்துப்போகும், உடுப்பிலிருந்து மீன் வாடை போகாது. ஆனாலும் வேலை நாட்களில் யாரும் உடைந்துபோய் நான் பார்க்கவில்லை.

உடைந்தது நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறையில். தொழிற்சாலை மூடிவிடும். எழும்ப ஒரு காரணமும் இல்லை. முதல் நாள் பத்து மணிக்கு எழும்புவோம், பிறகு பகல் ஒரு மணி. பின்னிரவு மூன்று மணிக்குத் தேநீர் போட்டு, ஊரில் என்ன நடக்கிறதோ என்று யோசித்துக்கொண்டு கிடப்போம். ஜன்னலைப் பார்த்து நேரம் அறிய வழியில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்த வீட்டில் சமையல் முறை இருந்ததால் சமைக்க வேண்டியவன் எழும்பியே ஆக வேண்டும், அவன் மற்றவர்களைத் திட்டி எழுப்புவான். யாரோடும் ஒட்டாமல் தனி அறை எடுத்தவர்களுக்குத் திட்ட ஆள் இல்லை. வேலை மறுபடி தொடங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் காட்டுகின்றன. ட்ரொம்சோ மக்களிடம் பல்லாண்டுகளாக நடக்கும் பெரிய சுகாதார ஆய்வின் தரவை வைத்து 2012 இல் வெளிவந்த ஒரு கட்டுரை, குளிர்காலத்தில் மன உளைச்சல் அப்படியொன்றும் கூடவில்லை, தூக்கப் பிரச்சினைதான் கூடுகிறது என்றது. காரணம் எளிது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடலின் உள்கடிகாரம் தினமும் நேராகும். அது கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்னால் நகரும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பும் கூடவே நகரும், பன்னிரண்டு மணிக்குத் தூக்கம் வராது, காலையில் தலை தூக்க முடியாது. இதை மன உறுதிக் குறைவு என்று எண்ணித் தன்னைத் தானே வசைபாடும் இளைஞர்கள் உண்டு. வேண்டியது விளக்கு. 10,000 லக்ஸ் தரும் சிகிச்சை விளக்கு ஒன்றை மேசையில் வைத்து, எழுந்த கையோடு அரை மணி நேரம் அதன் முன்னால் காலை உணவு சாப்பிடுங்கள். அதை நேராக முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. கண் நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

விட்டமின் டி இன்னொன்று. இவ்வளவு வடக்கில் குளிர்கால வெயிலால் தோலில் அது உருவாகாது, நம்முடைய தோல் நிறத்துக்குக் கோடையிலும் மெதுவாகத்தான் உருவாகும். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008 இல் வந்த ஆய்வில், இங்கே இருப்பவர்களின் அளவு மிகக் குறைவாக இருந்தது. பெயரில் 'ர்' ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை, நோர்வேக்காரர்கள் தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடிப்பார்கள். வாடை பிடிக்காவிட்டால் மாத்திரை உண்டு. இரத்தத்தில் அளவைப் பார்த்துவிட்டு உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று மருத்துவர் சொல்வார்.

சரி, போர்வீரர்கள். இருட்டில் உண்மையிலேயே போரிட்டவர்களைப் பார்ப்போம். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. அந்தக் குளிர்காலத்தில் சுவோமுஸ்ஸால்மி என்ற இடத்திலும் அதை ஒட்டிய ராட்டே சாலையிலும் பின்லாந்தின் சிறு படைகள் இரண்டு சோவியத் டிவிஷன்களைச் சிதறடித்தன. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையை நெருங்கிய நாட்கள் அவை. வெள்ளை உடையில் பனிச்சறுக்கில் வந்து தாக்கும் வீரனின் படத்தைத்தான் எல்லோரும் பகிர்வார்கள். அந்த வீரன் தாக்கி முடித்துவிட்டு எங்கே போனான் என்பதை யாரும் பகிர்வதில்லை. அவன் அடுப்பு வைத்த கூடாரத்துக்குப் போனான். ஏறக்குறைய இருபது பேர் அடுப்பைச் சுற்றிக் கால் நீட்டிப் படுக்கும் கூடாரம், முறை வைத்து ஒருவன் விழித்திருந்து விறகு போடுவான். சூடான உணவு வந்தது. போர்முனைக்குச் சற்றுப் பின்னால் சவுனா என்ற வெப்பக் குளியலறை கட்டிக் குளித்தார்கள். எதிரியிடம் எதைக் குறிவைத்தார்கள் தெரியுமா? நடமாடும் சமையற்கூடங்களை. காட்டுச் சாலையில் மாட்டிக்கொண்ட படையின் சூப்பு அடுப்பை அழித்துவிட்டால் மீதி வேலையைக் குளிர் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். பின்லாந்து கடைசியில் நிலத்தை இழந்துதான் 1940 மார்ச்சில் சமாதானம் செய்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த நூற்றைந்து நாள் தாக்குப்பிடித்ததில் பல்லைக் கடித்ததற்கு இருந்த பங்கு விறகுக்கும் சூப்புக்கும் இருந்தது.

இன்னொரு கதை இதைவிடப் பழையது. பெல்ஜிகா என்ற பெல்ஜியக் கப்பல் 1898 இல் அன்டார்ட்டிக்கக் கடலில் பனிக்கட்டிக்குள் சிக்கியது. மே நடுவில் மறைந்த சூரியன் ஜூலை பிற்பகுதியில்தான் திரும்பியது. அந்த இருட்டில் எமில் டாங்கோ என்ற அதிகாரி இறந்தார். ஆட்கள் வீங்கினார்கள், நாடித்துடிப்பு தாறுமாறாகியது, சிலருக்குப் புத்தி பேதலித்தது. கப்பலின் மருத்துவர் ஃபிரெடரிக் குக் வீர உரை எதுவும் ஆற்றவில்லை. நோயாளிகளின் உடுப்பைக் களைந்து, எரியும் அடுப்பின் முன்னால் நிற்கவைத்து வெளிச்சமும் வெப்பமும் படச் செய்தார். பென்குவின், சீல் இறைச்சியை அதிகம் வேகவைக்காமல் தின்னச் சொன்னார். விட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு அது மருந்து என்று அவருக்குத் தோன்றியிருந்தது. கப்பல் தலைவர் டி ஜெர்லாஷுக்கு அந்த இறைச்சியைக் கண்டாலே ஆகாது. கடைசியில் அவரும் தின்றார், தேறினார். பனியில் கப்பலைச் சுற்றி நடப்பதற்கு ஒரு பாதையும் போட்டார்கள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கப்பலின் முதல் துணை மாலுமி, வயது இருபத்தைந்து. பெயர் ருவால் அமுண்ட்சென். பதின்மூன்று ஆண்டு கழித்துத் தென்துருவத்தை முதலில் அடைந்தவர் அவர்தான்.

யல்மார் ஜொஹான்செனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வீரனுக்கு மிக நெருக்கமான ஆள். தேர்ந்த ஜிம்னாஸ்டிக் வீரர், தசையும் துணிச்சலும் உள்ளவர். 1895 மார்ச்சில் நோர்வேயின் துருவ ஆய்வாளர் நான்சனோடு ஃபிராம் கப்பலை விட்டு இறங்கி வடதுருவத்தை நோக்கி நடந்தார். 86 பாகை தாண்டியதும் முடியாது என்று கண்டு திரும்பினார்கள். ஃபிரான்ஸ் யோசெப் நிலம் என்ற வடதுருவக் கடல் தீவுக்கூட்டத்தில் கல்லை அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு ஒரு குழி வீட்டில் குளிர்காலம் முழுவதும் கிடந்தார்கள். கரடி இறைச்சி காலையில் அவியல், மாலையில் பொரியல். கொழுப்பு விளக்கு. சில நாட்களில் இருபது மணி நேரம் தூக்கம். மே மாதம் வெளியே வந்தபோது இருவரும் எடை கூடியிருந்தார்கள்! வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழிக்குள்ளும் ஒருவரையொருவர் மரியாதைப் பன்மையில்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டின் கடைசி இரவில்தான் நான்சன் ஒருமைக்கு மாறலாம் என்றார்.

அப்படிப்பட்ட இருட்டைத் தாண்டிய மனிதர் ஊர் திரும்பியபின் தேறவில்லை. குடி, கடன், பிரிந்த குடும்பம். அமுண்ட்செனின் தென்துருவப் பயணத்தில் இடம் கிடைத்தது. 1911 செப்டெம்பரில் காலத்துக்கு முந்திய புறப்பாட்டில் கடுங்குளிர் தாக்கி எல்லோரும் திரும்பி ஓடியபோது, பின்தங்கிய ஒரு தோழரை முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜொஹான்சென். தலைவர் ஆட்களை விட்டுவிட்டு முன்னே போனது சரியில்லை என்று மறுநாள் முகத்துக்கு நேரே சொன்னார். துருவக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1913 ஜனவரி 3 அன்று கிறிஸ்டியானியாவில், இன்றைய ஒஸ்லோவில், தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒரு மனிதரின் முடிவுக்கு ஒற்றைக் காரணம் கற்பிக்க நான் ஆளில்லை. ஆனால் உடல் வலிமையும் மன வலிமையும் ஒரு மனிதனைக் காக்கப் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

வைக்கிங்குகளைக் கேட்டீர்கள். அவர்களுடைய பழைய அறிவுரைப் பாடலான 'ஹாவமால்' என்பதை வாசித்துப் பாருங்கள். இளமையில் தனியே நடந்து வழி தவறியதையும், இன்னொருவனைக் கண்டதும் செல்வனானதாக உணர்ந்ததையும் அது சொல்கிறது. வெட்டவெளியில் ஒற்றையாய் நிற்கும் பைன் மரம் பட்டையும் இலையும் காக்காமல் பட்டுப்போகும், நேசிப்பார் இல்லாத மனிதனும் அப்படித்தான் என்கிறது. இரவெல்லாம் விழித்து எல்லாவற்றையும் யோசிக்கும் மூடன் காலையில் களைத்துப்போவான், பிரச்சினை அப்படியே இருக்கும் என்றும் ஓரிடத்தில் வருகிறது. எங்கள் பின்னிரவு மூன்று மணித் தேநீரைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும்.

நம்மிடமும் கூதிர்காலப் பாசறைப் பாட்டு உண்டு. நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியில் அரசன் நள்ளிரவிலும் தூங்காமல் இருக்கிறான். வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய்கிறது, சேற்றுத் தெருவில் சேணம் கழற்றாத குதிரைகள் மேலே விழும் துளியை உதறுகின்றன. நழுவும் மேலாடையை இடக்கையால் அணைத்து, ஓர் இளம் வீரனின் தோளில் கைவைத்து நடக்கிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே போய், காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் முகமலர்ந்து பார்த்துக்கொண்டு போகிறான். குளிர், இருட்டு, போர் மூன்றும் ஒன்றாக வரும் இடத்தில் நக்கீரர் காட்டும் வீரம் இதுதான்.

அப்படியானால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது தேவையில்லையா என்றால், மிகவும் தேவை. இந்த நாடே அதைக் கேட்கிறது. 2024 இல் நோர்வே அரசு எல்லா வீடுகளுக்கும் அனுப்பிய கையேடு, மின்சாரமோ தண்ணீரோ நின்றால் ஒரு வாரம் சொந்தக் காலில் நிற்கத் தயாராக இருங்கள் என்றது: ஆளுக்கு 20 லிட்டர் தண்ணீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, பற்றரி வானொலி, கம்பளி உடை, மருந்து. பக்கத்து வீட்டாரோடும் பேசி வைத்துக்கொள்ளச் சொன்னது. தன் பங்கை முன்கூட்டியே செய்து வைத்தவன்தான் கஷ்டம் வரும்போது அடுத்தவனுக்கும் உதவுவான் என்ற கணக்கு. மலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்தபின் நாடெங்கும் பரப்பப்பட்டது. நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது அதில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளும் அதை ஒப்பிப்பார்கள். உங்கள் சுவரில் வீர வசனம் ஒட்டுவதாக இருந்தால் அதை ஒட்டுங்கள்.

உங்கள் திட்டத்தில் என்ன மாற்றுவேன்? உடற்பயிற்சி இருக்கட்டும், பகல் வெளிச்ச நேரத்துக்கு மாற்றுங்கள், மேகமாக இருந்தாலும் வெளியே போங்கள். குளிர்நீர் வேண்டுமென்றால் இங்கே கடலில் இறங்குகிறவர்கள் உண்டு, பக்கத்தில் சவுனா வைத்துக்கொண்டு, துணையோடு. தனிமை என்ற வரியை அடித்துவிடுங்கள். செப்டெம்பரில், வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, கிழமைக்கு ஒருமுறை கட்டாயம் போக வேண்டிய ஏதாவது ஒன்றில் சேருங்கள்: பாடகர் குழு, பனிச்சறுக்கு வகுப்பு, கால்பந்து, எதுவானாலும் சரி. நீங்கள் வராவிட்டால் யாராவது தொலைபேசியில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. டிசம்பரில் ஆள் தேடக் கிளம்பினால் எல்லாருடைய கதவும் மூடியிருக்கும். நோர்வேக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல, முன்பே குறித்து வைக்காமல் ஒரு கோப்பி குடிக்கவும் வரமாட்டார்கள்.

விளக்கை ஒக்டோபருக்குள் வாங்குங்கள். நத்தார் விடுமுறைக்கு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள், பல்கலைக்கழக விடுதி அப்போது காலியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ வகுப்போ குலைந்தால் மாணவர் நலச் சேவையின் ஆலோசகரையோ உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவரையோ பாருங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 116 123 என்ற எண்ணில் எந்நேரமும் ஒருவர் எடுப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் 113.

பெட்டியில் தடித்த ஸ்வெட்டர்களை அடுக்காதீர்கள். இங்குள்ள கம்பளி நல்லது, பழைய துணிக் கடைகளில் மலிவு. அரிசியும் பருப்பும் இங்கேயே வாங்கலாம். அம்மா அரைத்த மிளகாய்த்தூள் மட்டும் கிடைக்காது. ஒரு கிலோ கூடுதலாகக் கொண்டுவந்தீர்கள் என்றால், நவம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்க ஆள் சேர்ப்பது மிகவும் சுலபம்.